பண்டிகை முடிந்த மறுவாரம் வாசியுங்கள்

பல மதத்துப் பண்டிகைகளை வைத்து வருஷம் முழுக்கக் குழுவாக வாசிக்க வேண்டும் என்றால் அதற்கு மொரீசியஸைவிடத் தோதான இடம் இல்லை என்பார்கள். உண்மைதான். தைப்பூசக் காவடி, சீனப் புத்தாண்டான வசந்த விழா, மகா சிவராத்திரி, உகாதி, ஈகைப் பெருநாள், விநாயகர் சதுர்த்தி, தீபாவளி, கிறிஸ்துமஸ் எல்லாமே இங்கே அரசு விடுமுறை. போதாததற்குப் பிப்ரவரி 1 அடிமைமுறை ஒழிப்பு நாள், நவம்பர் 2 ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய நாள். பட்டியல் கையில் கிடைத்ததும் ஆளுக்கொரு புத்தகப் பெயரை எதிரே எழுதி, "வாசிப்புச் சவால் தயார்" என்று வாட்ஸாப்பில் போட்டுவிடலாம்.

அப்படிப் போட்டவை பெரும்பாலும் மார்ச் மாதத்தைத் தாண்டுவதில்லை. சோம்பல் காரணமில்லை, நாட்காட்டிதான் காரணம்.

2026-ஐயே பாருங்கள். பிப்ரவரி 1 அன்று தைப்பூசமும் அடிமைமுறை ஒழிப்பு நாளும் ஒன்றாக வந்தன. 15-ஐ ஒட்டிச் சிவராத்திரி, 17 சீனப் புத்தாண்டு, அதன் பின்னாலேயே ரமலான் நோன்பு. மார்ச் 12 சுதந்திர தினம், 19 உகாதி, 20-ஐ ஒட்டி ஈகைப் பெருநாள். சரியாக ஒரு மண்டலம், 48 நாளில் ஏழு விசேஷம். மே 1 தாண்டினால் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை ஒரு விடுமுறைகூடக் கிடையாது. "பண்டிகைக்கு ஒரு புத்தகம்" என்று கட்டினால் ஏழு வாரத்தில் ஏழு புத்தகம், அப்புறம் மூன்று மாதம் சும்மா. எந்தக் குழு தாங்கும்?

என் கட்சி இதுதான்: பண்டிகைக்கு முன்னால் வாசிக்காதீர்கள். முடிந்து ஒரு வாரமாவது கழித்து வாசியுங்கள். நாற்பது பக்கத்துக்கு மேல் வைக்காதீர்கள். வருஷத்துக்கு எட்டு வாசிப்பு போதும்.

முன்னால் ஏன் கூடாது? காவடி எடுக்கிறவர் கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் விரதத்தில் இருக்கிறார். அந்த வீட்டுப் பெண்களுக்குக் காவடிக்கட்டு, பால் செம்பு, பூ, எலுமிச்சை என்று தலைக்கு மேல் வேலை. சிவராத்திரிக்குக் காவர் என்ற மூங்கில் சட்டகத்தைச் சுமந்து கங்கா தலாவ் என்ற புனித ஏரி வரை நடந்து போகிறவர் வீட்டிலும் இதே கதை. ஆகப் பண்டிகைக்கு முந்தின வாரம் கூட்டம் வைத்தால் அந்தப் பண்டிகைக்காரர்தான் முதலில் வராமல் போவார். மிச்சப் பேர் கூடி அவருடைய பண்டிகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். மறுவாரம் வைத்துப் பாருங்கள். கோவிலில் வாழையிலையில் ஏழு கறிச் சோறு சாப்பிட்டுவிட்டு வந்த சீன நண்பருக்கும் முஸ்லிம் தோழிக்கும் கேட்பதற்குக் கேள்வி இருக்கும். கண்ணால் பார்த்ததைப் பக்கத்தோடு ஒப்பிட முடியும்.

இன்னொரு காரணம், மரியாதை. சீனப் புத்தாண்டுக்குச் சீன எழுத்தாளர் லூ சுன் 1924-இல் எழுதிய, புத்தாண்டுப் படையலைப் பற்றிய சிறுகதையைவிடக் கனமான ஒன்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். கணவனை இழந்து வீட்டுவேலைக்கு வந்தவளைப் படையல் பாத்திரத்தைத் தொடக்கூடாது என்று ஒதுக்கும் கதை. தமிழ் வீட்டில் வளர்ந்த யாரும் இதை அந்நியக் கதையாக வாசிக்க முடியாது. மங்கல காரியத்தில் யாரை ஓரமாக நிற்கச் சொன்னோம் என்று நம் கணக்கையும் அது கிளறிவிடும். ஆனால் சிவப்பு விளக்குக் கட்டி, பட்டாசுக்கு நேரம் பார்த்துக்கொண்டிருக்கிற வீட்டுக்குப் போய் இதை நீட்டினால் நன்றாகவா இருக்கும்? புத்தாண்டுக் கொண்டாட்டத்தை முடித்துவைக்கும் விளக்குத் திருவிழாவும் முடியட்டும். மூன்றாம் வாரம் வையுங்கள், பேச்சு தானாக ஆழத்துக்குப் போகும்.

அடுத்தது மொழி. இந்தியாவிலோ இலங்கையிலோ இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் சட்டென்று புரியாது. இங்கே வீட்டில் பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல், செய்தித்தாள் பிரெஞ்சு, பரீட்சை ஆங்கிலம், கோவிலில் தமிழ். ஒரே ஆளே இப்படி. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, 1998-இல் அதன் இடம் மாறியதற்குப் பெரிய சண்டையே நடந்து புது நோட்டுகளை அரசு திரும்பப் பெற்றது. ஆனாலும் பள்ளியில் தமிழ் படித்தவர்களில் பலர் ஒரு பக்கத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறார்கள். இதைக் குறையாகப் பேசிப் பயனில்லை, திட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். பிரெஞ்சில் நாற்பது பக்கம் ஒரு மாலை வேலை. பள்ளித் தமிழ் மட்டும் தெரிந்தவருக்குத் தமிழில் நான்கு பக்கமே ஒரு மாலை. எனவே மொழிக்கு மொழி பக்க அளவை மாற்றுங்கள். ஒரே பகுதிக்கு மூலம், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று எது கிடைத்தாலும் அனுமதியுங்கள். பேச்சு கிரியோலில் நடக்கட்டும். "தமிழில்தான் பேச வேண்டும்" என்று தொடங்கிய குழுவில் இரண்டாம் மாதம் பேசுவது இரண்டு பேராகத்தான் இருக்கும்.

தைப்பூசத்துக்கு என்ன வாசிப்பது? முருகனைப் பற்றிய விளக்கப் புத்தகம் வேண்டாம். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தில் இரண்டே பாட்டு எடுங்கள். ஊற்றுமலை ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி கொண்டு போனபோது வழிநடைக்குப் பாடியது. அது கண்ணால் வாசிக்கிற சரக்கே இல்லை. சத்தமில்லாமல் வாசித்தால் வெறும் அடைமொழிக் குவியலாகத் தெரியும், கால் தாளத்தோடு சொன்னால்தான் அந்த முடுகு, அதாவது வேகமாக ஓடும் நடை, எதற்கென்று புரியும். தமிழ் எழுத்து தெரியாதவர்களுக்குப் பாட்டை ரோமன் எழுத்தில் எழுதிக் கொடுங்கள். நெடில் வருகிற இடத்தில் மேலே ஒரு கோடு போடுங்கள், இல்லாவிட்டால் தாளம் உதைக்கும். முதலில் ஒருவர் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்லட்டும். அர்த்தம் பிறகு. ஒரு பாட்டுக்கு நாற்பது நிமிஷம் ஒதுக்குங்கள், அதற்குக் குறைந்தால் சடங்காகிவிடும்.

ஈகைப் பெருநாளுக்குப் பிரேம்சந்தின் 'ஈத்கா'. பத்துப் பதினைந்து பக்கம்தான் வரும். ஹமீது என்ற பையனிடம் மூன்றே பைசா. கூட வந்த பிள்ளைகள் மிட்டாயும் மண்பொம்மையும் வாங்க, இவன் ரொட்டி சுடும்போது பாட்டி கை சுட்டுக்கொள்வதை நினைத்து இடுக்கி வாங்கி வருகிறான். ஹிந்தியில் எழுதிய இந்துவின் கதை, முஸ்லிம் பண்டிகையைப் பற்றியது என்பதால் குழுவில் ஒரு கேள்வி கட்டாயம் எழும்: வெளியாள் எழுதினால் சரியாக வருமா? எழட்டும். பண்டிகைக்காரர்கள் பென்சிலால் திருத்தம் போடட்டும். ஒரே நிபந்தனை, குழுவில் இருக்கிற ஒற்றை முஸ்லிம் உறுப்பினரை "நீங்களே விளக்கிச் சொல்லுங்களேன்" என்று மேடையேற்றாதீர்கள். அவர் வாசிக்க வந்தவர், பாடம் எடுக்க வந்தவர் இல்லை. ஒரு பண்டிகை வாசிப்பை நடத்துகிறவர் அந்தப் பண்டிகைக்கு வெளியே இருப்பவராகவே இருக்கட்டும். இந்த ஒரு விதி பாதிச் சங்கடத்தைத் தீர்க்கும். ஈத் தேதி பிறை பார்த்து முடிவாவது, ஒரு நாள் தள்ளிப் போகலாம். வருஷா வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரவும் செய்யும். போன வருஷத் திட்டத்தை அப்படியே நகலெடுக்கிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

பிப்ரவரி 1-க்குத்தான் தேர்வு கடினம். 1835-இல் அடிமைமுறை ஒழிந்தது, ஆனால் அடிமைகளாக இருந்தவர்களே எழுதியது என்று எடுத்துவைக்க ஏதும் எளிதில் அகப்படாது. எழுதியவர்கள் மேலே இருந்து பார்த்தவர்கள். 1773-இல் அச்சான, பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தன் த சேன் பியேரின் மொரீசியஸ் பயண நூலில் அடிமைகள் பட்ட பாட்டைச் சொல்லும் ஒரு கடிதம் இருக்கிறது, அதை மட்டும் பிரதி எடுக்கலாம். கூடவே அடிமைகளிடையே பிறந்த பழைய சேகா பாட்டு ஒன்றைக் கிரியோலில் அச்சிட்டு, பாட்டையும் ஒலிக்கவிடுங்கள். பாரம்பரிய மொரீசியஸ் சேகாவை யுனெஸ்கோ 2014-இல் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பார்த்தவன் எழுதியதும் பட்டவன் வம்சம் பாடியதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது அதிகம் விளக்க வேண்டியிருக்காது. தப்பியோடி லெ மோர்ன் மலையில் ஒளிந்திருந்து, பிடிபடப் பயந்து அங்கிருந்து குதித்த அடிமைகளின் கதையைக் கட்டாயம் யாராவது எடுப்பார்கள். அது மரபாக வழங்கிவரும் கதை என்று சொல்லியே பேசுங்கள்.

நவம்பர் 2-க்கு நாவல் எதுவும் வேண்டாம் என்பேன். 1834-இல் அட்லஸ் கப்பலில் 36 பேர் வந்த நாள் அது. மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் ஒப்பந்தக் கூலிகளின் பதிவேடுகள் இருக்கின்றன. அப்படி ஒரு பதிவேட்டுப் பக்கத்தின் படம் கிடைத்தால் அதுவே அன்றைய வாசிப்பு. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், சாதி, ஊர், கப்பல். ஒரு வரிதான் ஒரு ஆள். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் ஆறுமுகம் 'ஆர்மூகும்' ஆகி, அதுவே இன்றைக்கு அடையாள அட்டையில் குடும்பப் பெயராக நிற்கிறது. ஒருவர் ஒரு வரியை எடுத்துச் சத்தமாக வாசித்து, அதில் எழுதாமல் விட்டது என்ன என்று பேசினால் இரண்டு மணி நேரம் போதாது. ஒரு எச்சரிக்கை: தமிழர் வரலாறு 1834-இல் தொடங்கியது என்று யாராவது சொன்னால் தடுத்து நிறுத்துங்கள். 1735-இல் பிரெஞ்சு ஆளுநராக வந்த லாபூர்தொனே காலத்திலேயே பாண்டிச்சேரிப் பக்கத்துக் கைவினைஞர்கள் போர்ட் லூயிஸைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

விநாயகர் சதுர்த்தி, உகாதி, தீபாவளி மூன்றுக்கும் தனித்தனியாக வைக்காதீர்கள். வருஷத்துக்கு ஒன்று, அடுத்த வருஷம் இன்னொன்று. ஜூன், ஜூலையில் குளிர். அப்போது ஒரே ஒரு நீளமான நூலை எடுத்து எட்டு வாரத்துக்குப் பிரித்துக்கொள்ளலாம். விடுமுறை கிடைக்காத பண்டிகைகளுக்கும் அதுவே காலம். ஏப்ரல் 14 நம் வருஷப் பிறப்புக்கே இங்கே விடுமுறை கிடையாது, பக்ரீத்துக்கும் கிடையாது.

இனி நடைமுறை. ஆள் எண்ணிக்கை எட்டிலிருந்து பன்னிரண்டு. அதற்கு மேல் போனால் நான்கு பேர் மட்டும் பேசுவார்கள். ஞாயிறு மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்துக்குள் முடியுங்கள், இருட்டினால் பஸ் குறைந்துவிடும். பக்கங்களை இரண்டு வாரம் முன்பே கையில் கொடுங்கள். "நூலகத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று விட்டால் ஒரு பிரதிக்குப் பத்துப் பேர் நிற்பார்கள். பிரதி எடுக்கும்போது கவனம்: மூலத்துக்குக் காப்புரிமை காலாவதி ஆகியிருந்தாலும் மொழிபெயர்ப்புக்கு ஆகியிருக்காது. லூ சுன், பிரேம்சந்த் இருவரும் 1936-இல் காலமானவர்கள், ஆனால் அவர்களை மொழிபெயர்த்தவர் உயிரோடு இருக்கலாம். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் காலம், எந்தத் தேதிக்கும் ஒரு மாற்றுத் தேதி குறித்து வையுங்கள். 2024 ஜனவரியில் பெலால் புயலன்று போர்ட் லூயிஸ் தெருவில் கார்கள் மிதந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மழை அதிகமான க்யூர்பிப், வாக்வா மேட்டுநிலப் பக்கம் வீடு என்றால் இரவல் புத்தகத்தைச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள், ஒரே மழையில் பூஞ்சணம் பிடிக்கும்.

சாப்பாடு சின்ன விஷயமாகத் தெரியும், குழு உடைவது அங்கேதான். மாடு, பன்றி, மது, விரதம், நோன்பு என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்ப்பதைவிட எல்லாக் கூட்டத்துக்கும் சைவம் மட்டும் என்று முதல் நாளே முடித்துவிடுங்கள். காத்தோ பிமாங் போதும். பெயர் பிரெஞ்சு, ஜாதகம் பார்த்தால் நம் பருப்பு வடைதான். ரமலான் மாதத்தில் பகல் கூட்டமே வேண்டாம்.

கட்டம் போட்ட அட்டை கொடுத்து, "பத்துப் பண்டிகை முடித்தவருக்குப் பரிசு" என்கிற முறையை நான் அடியோடு எதிர்க்கிறேன். பிள்ளைகளுக்கு வேண்டுமானால் சரி. பெரியவர்களிடம் கொடுத்தால் கட்டத்தை நிரப்புவதற்காகப் பன்னிரண்டு பக்கப் படப் புத்தகம் தேடுவார்கள், அல்லது விக்கிப்பீடியாவில் சுருக்கம் வாசித்துவிட்டு வந்து உட்காருவார்கள். சுருக்கம் வாசித்தவரைக் கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: அன்றைக்கு அந்த வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிட்டார்கள்? கதையை வாசித்தவருக்குத்தான் யோசிக்கவாவது முடியும்.

மறுவாரம் என்ற விதிக்கு ஒரே ஒரு விலக்கு, கிறிஸ்துமஸ். மறுவாரம் பனானே, அதாவது புத்தாண்டு; அந்தக் கூத்தில் யாரும் அகப்பட மாட்டார்கள். டிக்கன்ஸ் 1843-இல் எழுதிய கிறிஸ்துமஸ் கதைக்கு ஐந்தே பகுதி. கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்துக்கு நான்கு ஞாயிறு. அதற்கு முந்தின ஞாயிறு முதல் பகுதியைத் தொடங்கினால் கணக்கு சரியாக வரும். லண்டன் பனியும் கரி அடுப்பும் இங்கே டிசம்பர் வெக்கையில், வாசலில் ஃப்ளாம்பாயான் மரம் பூத்துச் சிவந்து கிடக்கும்போது வாசிக்க வேடிக்கையாகத்தான் இருக்கும். லிச்சி தட்டை மட்டும் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், சாறு பட்ட பக்கம் காய்ந்ததும் பழுப்பாகிவிடும், நூலகத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.