"ஃபைனல்னா நடுங்கிடுவாங்க" என்ற பேச்சும் பாக்ஸுக்குள் நடந்ததும்

அல்சூர் கௌதமபுரத்தில் பெலே சிலைக்குப் பக்கத்தில் நின்று நம் ஊர் கால்பந்து கிளப் பெங்களூரு எஃப்சி பற்றிப் பேச்சை எடுத்தால், இரண்டாவது நிமிஷமே ஒரு தீர்ப்பு வந்து விழும்: "ஃபைனல்னா நம்மாளுங்க நடுங்கிடுவாங்கப்பா." ஆஸ்டின் டவுன் போனாலும் இதே பல்லவிதான். நாலு ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஃபைனல், மூன்று தோல்வி. 2018-ல் சொந்த மைதானமான கண்டீரவாவிலேயே சென்னையின் எஃப்சியிடம் 2-3. 2023-ல் கோவாவின் ஃபதோர்டாவில் ஏடிகே மோகன் பகானிடம் பெனால்டி ஷூட்அவுட்டில். 2025-ல் கொல்கத்தா சால்ட் லேக்கில் மறுபடி மோகன் பகானிடம் 1-2. நடுவில் 2019-ல் மட்டும் கப். பேர் கெட்டுப்போக இது போதும்தான்.

"நடுங்கிட்டாங்க" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை, அதுதான் அந்தச் சொல்லில் உள்ள வசதி. கடைசி இரண்டு ஃபைனலையும் நிமிஷக் கணக்கோடு எடுத்து வையுங்கள். 2023: 14-வது நிமிடம் மோகன் பகானின் பெட்ராடோஸ், பெனால்டி. இடைவேளைக்குச் சற்று முன் நம் சுனில் சேத்ரி, அதுவும் பெனால்டி. 78-ல் நம் ராய் கிருஷ்ணா தலையால் முட்டி 2-1. 85-ல் மறுபடி பெட்ராடோஸ், மறுபடி பெனால்டி. 2025: 49-ல் மோகன் பகான் டிஃபெண்டர் ஆல்பெர்டோ ரொட்ரிகஸ் போட்ட சேம் சைடு கோலில் நமக்கு முன்னிலை. 72-ல் நம் ஆள் கையில் பந்து பட்டு ஹேண்ட்பால், மோகன் பகானின் கமிங்ஸ் பெனால்டி. எக்ஸ்ட்ரா டைமில் 96-ல் அவர்களுடைய மெக்லாரன்.

அதாவது இரண்டு ஃபைனலிலும் சேர்த்து, 90 நிமிடத்துக்குள் மோகன் பகான் போட்ட மூன்று கோலும் பெனால்டி. ஓடுகிற ஆட்டத்தில் ஒன்றுகூடக் கிடையாது. நம் முன்னிலை ஒரு தடவை 7 நிமிடம் நின்றது, இன்னொரு தடவை 23 நிமிடம். இரண்டு தடவையும் அதைக் கொண்டுபோனது பெனால்டி. மனோதிடம் பற்றிப் பேசுகிறவர்கள் பாக்ஸுக்குள் (கோல் முன்னாலுள்ள பெனால்டி கட்டத்துக்குள்) கை எங்கே இருந்தது, கால் எங்கே இருந்தது என்று முதலில் பேசட்டும்.

ஹேண்ட்பாலை "துரதிர்ஷ்டம்" என்று தள்ளிவிடுகிறோம். சட்டம் பார்ப்பது வேண்டுமென்றே தொட்டாரா என்பதை மட்டும் இல்லை; கை உடம்பை இயல்புக்கு மீறி அகலமாக்கியதா என்பதையும்தான். களைத்துப்போன டிஃபெண்டர் ஒரு அடி தாமதமாக வந்து, பேலன்ஸுக்காகக் கையை விரித்துக்கொண்டு குறுக்கே விழுகிறார். கிராஸ் (ஓரத்திலிருந்து கோல் முன்னால் அடிக்கிற பந்து) போடுகிறவரிடமிருந்து ஒரு மீட்டர்கூட இடைவெளி இல்லாதபோது கையை இழுக்க நேரமே கிடையாது. முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொள்வதும் முழு மருந்தில்லை, சட்டென்று திரும்ப முடியாமல் போகும். செய்யவேண்டியது அதற்கு முந்தின வேலை: கிராஸ் போடுகிற ஆளை இன்னும் 15 மீட்டர் தள்ளியே நிறுத்துவது. தூரத்திலிருந்து வரும் கிராஸை முகம் பார்த்து முட்டி வெளியே அனுப்பலாம். கோல் லைன் ஓரத்திலிருந்து பின்னால் வெட்டி வரும் பந்தை, சொந்த கோலைப் பார்த்து ஓடிக்கொண்டே தடுக்க வேண்டியிருக்கும். காலும் கையும் தப்பாகப் படுவது பெரும்பாலும் அங்கேதான்.

பாக்ஸுக்குள் ஸ்லைடிங் வேண்டாம் என்பது பள்ளிக்கூட கோச்சும் சொல்வதுதான். நின்றபடியே ஆளை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போனால், மிஞ்சிப்போனால் ஒரு கார்னர் போகும். கார்னரைக் காப்பாற்றிக்கொள்ளலாம். பெனால்டி நாலில் மூன்று கோல்தான்.

ஒரு கோல் முன்னிலையில் பின்வாங்கி ஆடுவதே கோழைத்தனம் என்கிற வாதத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஐந்து டிஃபெண்டர், நாலு மிட்ஃபீல்டர் என்று இறங்கி நிற்பது நல்ல வழிதான், முன்னால் பந்தைப் பிடித்துவைக்க ஒரு ஆள் இருக்கும்வரை. அந்த ஆள் இல்லையென்றால் நாம் வெளியே அடிக்கிற பந்து பத்து நொடியில் திரும்பி வரும். இன்னொரு ஓட்டை பாக்ஸ் விளிம்பிலுள்ள அந்த அரைவட்டம். ஐந்து பேர் கோலை ஒட்டிப் போய்விட்டால் முட்டி வெளியே வரும் இரண்டாவது பந்து எதிராளிக்கே போகும். அங்கே ஒரு மிட்ஃபீல்டரை ஆணி அடித்த மாதிரி நிறுத்தி வைக்கணும்.

2022 உலகக் கோப்பை ஃபைனலைப் பாருங்கள். பிரான்ஸுக்கு எதிராக அர்ஜென்டினா 2-0. 64-வது நிமிடம் அர்ஜென்டினா கோச் ஸ்கலோனி டி மரியாவை எடுத்துவிட்டு அகுன்யாவை இறக்கினார். அன்றைக்கு முதல் பெனால்டியை வாங்கித் தந்ததும் இரண்டாவது கோலைப் போட்டதும் டி மரியா. அவர் போனதும் இடது பக்கம் மூச்சு வாங்க இடமில்லாமல் போனது. 80-ல் பிரான்ஸின் எம்பாப்பே, 81-ல் மறுபடி எம்பாப்பே. 120 தாண்டிய பிறகு பிரான்ஸின் கோலோ முவானி அடித்த ஷாட்டை அர்ஜென்டினா கோல்கீப்பர் எமிலியானோ மார்டினெஸ் இடது காலால் தடுக்காமல் விட்டிருந்தால், ஸ்கலோனியின் பெயர் இன்று "டி மரியாவை எடுத்த ஆள்". தடுத்ததால் அவர் மேதை. முடிவெடுத்தது 64-ல். பேரை நிர்ணயித்தது வேறொருவரின் கால்.

சப், அதாவது மாற்று ஆட்டக்காரர், கணக்கும் இப்படித்தான். ஐந்து பேரை மாற்றலாம், ஆனால் மூன்றே வாய்ப்பில் (இடைவேளை கணக்கில் சேராது). ஃபைனலில் 75-க்குள் மூன்று வாய்ப்பையும் தீர்த்துவிடுகிற கோச், பாக்கி 15 நிமிடமும் யாருக்கும் தசைப்பிடிப்பு வராது என்று நம்பிச் சூதாடுகிறார். மூன்று சப் மட்டும் இருந்த காலத்தில் அட்லெடிகோ மாட்ரிட் பட்டதை நினைத்துப் பாருங்கள். 2014 சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் காயம் முழுசாக ஆறாத டியகோ கோஸ்டாவை இறக்கி 9-வது நிமிடமே வெளியே எடுத்தார்கள். 83-ல் கடைசி சப்பும் போச்சு. 90 தாண்டி ரியல் மாட்ரிட்டின் ராமோஸ் ஹெட்டரில் சமன். பிறகு எக்ஸ்ட்ரா டைமில் அட்லெடிகோவின் ஹுவான்ஃப்ரான் நொண்டிக்கொண்டே ஆடினார், மாற்ற வழி கிடையாது, 4-1 தோல்வி. இதற்கும் "அட்லெடிகோவுக்கு ராசி இல்லை" என்றுதான் பேர்.

ஷூட்அவுட்டுக்கென்றே 120-வது நிமிடம் ஆளை இறக்குவதும் எனக்குப் பிடிக்காத பழக்கம். யூரோ 2020 ஃபைனலில் இங்கிலாந்து கோச் சவுத்கேட் ராஷ்ஃபோர்டையும் சாஞ்சோவையும் அப்படி இறக்கினார், இரண்டு பேரும் தவறவிட்டார்கள். பந்தையே சரியாகத் தொடாமல் வந்து உதைக்கச் சொன்னால் கால் எப்படிச் சூடாகும்? குறைந்தது பத்து நிமிடம் முன்னால் இறக்குங்கள். கோல்கீப்பருக்கு மட்டும் இது பொருந்தாது. 2014 உலகக் கோப்பைக் காலிறுதியில் கோஸ்டா ரிகாவுக்கு எதிராக நெதர்லாந்து கோச் வான் ஹால் கடைசி நொடியில் இறக்கிய கோல்கீப்பர் க்ரூல் இரண்டைத் தடுத்தார். நல்ல உதைகாரரை ஐந்தாவதாக வைப்பதும் வீண் ஆசை. 2012 யூரோ அரையிறுதியில் ரொனால்டோ முறை வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. 2022 ஃபைனலில் மெஸ்ஸி, எம்பாப்பே இருவரும் முதல் உதை.

இனி சேத்ரி. 2023 மார்ச் 3, கண்டீரவா, கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிரான பிளேஆஃப், எக்ஸ்ட்ரா டைம். ஃப்ரீ கிக் கிடைத்ததும் எதிரணி ஆட்கள் பந்துக்கு எதிரே வரிசையாக நின்று சுவர் கட்டி முடிப்பதற்குள் உதைத்து கோல். பிளாஸ்டர்ஸ் வெளிநடப்பு, கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், கோச் வுகோமனோவிச்சுக்கு 10 ஆட்டத் தடை. கொச்சியில் இன்னும் சேத்ரி ஏமாற்றுக்காரர். ரெஃப்ரி செய்தது சரியா என்ற விவாதம் நடக்கட்டும். சட்டப்படி சுவர் கட்ட நேரம் கேட்கும் உரிமை தடுக்கிற அணிக்குக் கிடையாது. 9.15 மீட்டர் தள்ளி நிறுத்தச் சொல்லி உதைக்கிற அணி கேட்டால்தான் பொதுவாக விசில் வரை காத்திருக்கணும். கோலுக்கு 30 மீட்டருக்குள் ஃபவுல் போனால் ஒருத்தர் பந்துக்கு முன்னாலேயே நிற்கணும், கோல்கீப்பர் தயாராகும்வரை நகரக்கூடாது. மஞ்சள் கார்டு வரலாம். வரட்டுமே, கோலைவிட மலிவு.

அதே சேத்ரி 2025 ஏப்ரலில் ஃபதோர்டாவில், அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தில் எஃப்சி கோவா 88-ல் மொத்தக் கணக்கைச் சமன் செய்த பிறகு, 92-ல் தலையால் முட்டி நம்மை ஃபைனலுக்கு அனுப்பினார். அங்கே யாரும் தந்திரம் பற்றிப் பேசவில்லை. 2019 ஃபைனலில் ராகுல் பேகே 117-ல் கார்னரிலிருந்து முட்டிய கோலும் அப்படித்தான், அதுவரை கோவாவும் ஒன்றும் விடவில்லை. ஆனால் 105-ல் கோவாவின் ஜாஹு ரெட் கார்டு வாங்கி வெளியே போனதில் கோவா 10 பேராகிவிட்டது என்பதை நம் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை.

பேர் எப்படி ஒட்டுகிறது, எப்படி உதிர்கிறது என்பதற்கு 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ் ஒன்று போதும். பிரான்ஸிடம் 1-2. சுதந்திர இந்தியாவின் முதல் கோலைப் போட்டவர் நம் பெங்களூர்க்காரர் சாரங்கபாணி ராமன். பிரான்ஸின் வெற்றி கோல் 89-வது நிமிடம். அந்த ஆட்டத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த இரண்டு பெனால்டியும் வீணானது. ஊருக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் நம்மாளுங்க வெறுங்காலோடு ஆடியதுதான். இரண்டு பெனால்டியில் ஒன்று உள்ளே போயிருந்தாலும் 89-க்கு முன்னால் நாம் முன்னிலையில் இருந்திருப்போம்.

அடுத்த ஆட்டத்தில் 70 தாண்டியதும் பந்தை விட்டுவிட்டு நம் இரண்டு சென்டர் பேக்கின் கைகளையும், அரைவட்டத்தில் யார் நிற்கிறார்கள் என்பதையும் பாருங்கள். மீதியை கமெண்டில் சண்டை போட்டுக்கொள்ளலாம்.