ஒரு ‘பார்க்கலாம்’ பட்ட பாடு

ஜெர்மனிக்கு வேலைக்கு வரவிருக்கும் தம்பி ஒருவர் நேற்று உள்பெட்டியில் கேட்டிருந்தார்: "அண்ணா, அங்கே வந்து அட்ஜஸ்ட் ஆவது கஷ்டமா?" பதில் நீண்டுகொண்டே போனதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

சுலபமானவற்றை முதலில் முடித்துவிடலாம். தண்ணீர் பாட்டிலுக்கு 25 சென்ட் கூடுதலாகப் பிடிப்பார்கள். காலி பாட்டிலைக் கடையில் இருக்கும் இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைத்துவிடும். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அந்த நாளை ஓய்வு நாளாகக் காக்கும் 1919ஆம் ஆண்டு அரசியல் சட்டப் பிரிவு இன்றும் உயிரோடிருக்கிறது. ஆகவே தக்காளியைச் சனிக்கிழமையே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி பாட்டில்களை வெள்ளை, பச்சை, பழுப்பு என்று நிறம் பிரித்துப் போட வேண்டும். அதையும் ஞாயிறன்று போடக்கூடாது, சத்தம் கேட்கும். யூடியூபில் நம்மவர்கள் இதையெல்லாம் ‘கலாசார அதிர்ச்சி’ என்று தலைப்பிட்டு வீடியோ போடுகிறார்கள். பாட்டிலில் என்ன அதிர்ச்சி? ஒரு மாதத்தில் கை பழகிவிடும்.

எனக்குப் பழகாமல் அடம்பிடித்தது நாக்குதான்.

2019 நவம்பரில் ஸ்டுட்கார்ட் வந்தேன். சேர்ந்த இரண்டாவது மாதம், ஒரு சோதனை அறிக்கையை வெள்ளிக்கிழமைக்குள் தர முடியுமா என்று மேலாளர் கேட்டார். முடியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் "பார்க்கலாம், முயற்சி செய்கிறேன்" என்று சொல்லித் தலையையும் ஒரு பக்கமாக ஆட்டிவைத்தேன். நம் ஊரில் இதைச் சொன்னால் கேட்டவருக்கு விஷயம் புரிந்துவிடும். திங்கட்கிழமைக்கு முன்னால் வராது என்று அவரே மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொள்வார், இருவருக்கும் மரியாதை மிஞ்சும். இந்த மனிதர் ‘முயற்சி செய்கிறேன்’ என்பதை அப்படியே நாட்குறிப்பில் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளி மாலை என் மேசைக்கு வந்தார். "தாமதமாவதில் எனக்கு ஒன்றும் இல்லை. முடியாது என்பது உங்களுக்குப் புதன்கிழமையே தெரிந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை?" குரல் உயரவில்லை. ஆனால் பக்கத்தில் நான்கு பேர் இருந்தார்கள், எனக்குக் காது சூடேறிவிட்டது. அவரோ அடுத்த நிமிடமே வார இறுதிக்கு என்ன திட்டம் என்று சாதாரணமாக விசாரித்தார். அவருக்கு அது அங்கேயே முடிந்துபோன பேச்சு. எனக்கு முடிய ஒரு வாரம் ஆனது.

இரண்டாவது பாடம் வீட்டுப் படிக்கட்டில் கிடைத்தது. ஒருநாள் என் கதவுக் கைப்பிடியில் சிறு மரப்பலகை ஒன்று தொங்கியது. ஏதோ அலங்காரப் பொருள், யாரோ அன்பாக மாட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து மகிழ்ச்சியோடு இரண்டு வாரம் விட்டுவைத்தேன். மூன்றாம் சனிக்கிழமை காலை மேல்மாடிப் பாட்டி மணியை அடித்தார். அது ‘கேர்வோஹெ’ பலகையாம். பெருக்கும் வாரம் என்று பொருள். பலகை யார் கதவில் தொங்குகிறதோ, அந்த வாரம் படிக்கட்டைப் பெருக்கித் துடைப்பது அவர் பொறுப்பு. முடித்ததும் அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டும். இந்தப் பகுதிக்கே உரிய வழக்கம். 1492ஆம் ஆண்டு நகரச் சட்டத்திலேயே வேர் இருக்கிறது என்று பெருமையோடு சொல்வார்கள்.

நான் மூன்று முறை மன்னிப்புக் கேட்டேன். பாட்டிக்கு மன்னிப்பு தேவைப்படவில்லை. துடைப்பத்தைக் கையில் கொடுத்தார். பெருக்கி முடித்தேன். படியின் மூலையைக் காட்டி "இங்கே" என்றார். மறுபடி பெருக்கினேன். "ஈரத்துணியும் போட வேண்டும்" என்றார். இன்றுவரை அவர் என்னை ‘நீங்கள்’ என்றுதான் அழைக்கிறார், ‘நீங்கள் மூலையை விட்டுவிட்டீர்கள்’ என்று. ஈரோட்டில் எங்கள் வீட்டு வாசலை அம்மா தெளித்துப் பெருக்கிக் கோலம் போடும்போது காலைத் தூக்கித் தாண்டிப் போன வளர்ப்பு நான். வீடியோ அழைப்பில் கதையைச் சொன்னபோது அம்மா சிரித்த சிரிப்பில் கைபேசியே ஆடியது. "அங்கே போயாவது சீமாற்றைப் பிடித்தாயே, சாமி!"

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். நமக்கு ‘அட்ஜஸ்ட்’ என்று ஒரு சொல் இருக்கிறது. மூன்று பேர் இருக்கையில் நான்காமவர் உட்காரவும் அதுதான், மாமியார் வீட்டில் வாயை மூடிக்கொண்டிருக்கவும் அதுதான். பொறுத்துப்போவதைத்தான் நாம் அட்ஜஸ்ட் என்கிறோம். அதே சரக்கை வெளிநாட்டுக்கும் மூட்டை கட்டி எடுத்து வருகிறோம். இங்கே அது செல்லாது. பொறுத்துக்கொண்டு சும்மா இருப்பவனை இவர்கள் நல்லவன் என்று நினைப்பதில்லை, குறையில்லாதவன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அறையில் குளிர்கிறது என்று நான் சொல்லாதவரை ஜன்னல் திறந்தேதான் இருந்தது. சொன்ன நொடியில் மூடினார்கள்.

வாட்ஸ்அப் குழுக்களில் "இவர்கள் ஈவிரக்கமில்லாதவர்கள்" என்று புலம்பும் கூட்டத்தோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆறு மாதத்தில் ஜெர்மானியராகிவிட்டு ஊரைப் பழிக்கும் கூட்டத்தோடு அதைவிட ஒத்துப்போகாது. ‘திட்டவில்லை என்றால் பாராட்டியாயிற்று’ என்று இந்த வட்டாரத்தில் ஒரு வழக்குமொழி உண்டு. கேட்டதும் எனக்கு அப்பா நினைவுதான் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ம்" என்று திருப்பிக் கொடுத்தவர் அவர். அவரைப் புரிந்துகொண்டு வளர்ந்த எனக்கு இந்த மேலாளரைப் புரியாதா?

என் புலம்பலின் அளவைக் காட்டியவர் ஓர் ஈழத்து அக்கா. இங்கே ஜெர்மனியிலேயே இருக்கும் ஹாம் நகரக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் போயிருந்தபோது அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். 1980களில் அகதியாக வந்தவர். புகலிட வழக்கு முடியும்வரை ஒதுக்கப்பட்ட மாவட்ட எல்லையைத் தாண்டவே அப்போது அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. பக்கத்து ஊரில் இருந்த தம்பியைப் பார்க்கவும் அலுவலகத்தில் போய் நின்றிருக்கிறார். பிறகு பல ஆண்டுகள் துப்புரவு வேலை. நான் கேர்வோஹெ கதையைச் சுவையாகச் சொல்லி முடித்தேன். "படி கூட்டியதற்கே இவ்வளவு கதையோ, தம்பி?" என்று கேட்டுவிட்டுச் சாம்பாருக்குத் தட்டை நீட்டினார். வேலை அனுமதியைக் கையில் வாங்கிக்கொண்டு விமானம் ஏறிய நான் வேறென்ன பேச?

ஆகவே தம்பி, இங்கே வந்தால் ‘முடியாது’ என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். ஆனால் அதை ஊருக்கு எடுத்துப்போகாதீர்கள். நான் எடுத்துப்போனேன். இந்தப் பொங்கல் விடுமுறையில் கோபியிலிருந்து பெரிய அத்தை தொலைபேசியில் அழைத்து, பேரனின் காதுகுத்துக்கு வரச் சொன்னார். "இல்லை அத்தை, வர முடியாது. அன்றைக்கு வீட்டில் ஓய்வெடுக்கப்போகிறேன்" என்றேன். மறுமுனையில் சத்தமே இல்லை. அம்மா கைபேசியைப் பிடுங்கிக்கொண்டார். "அண்ணி, அவன் பார்க்கலாம் என்றுதான் சொல்கிறான், லைன் சரியில்லை" என்று சமாளித்துவிட்டு என்னை முறைத்தார்.

காதுகுத்துக்கு நான் போகவில்லை. அத்தை குறைபட்டுக்கொள்ளவும் இல்லை. அம்மா ‘பார்க்கலாம்’ என்றபோதே நான் வரமாட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டதாம்.