இயந்திரம் கிடைத்தாயிற்று, தண்ணீருக்கு என்ன வழி?

மத்திய ஆஸ்திரேலியப் பழங்குடி ஊர் ஒன்றுக்கு ஒரு நிறுவனம் டயாலிசிஸ் இயந்திரம் கொடுத்ததை ஒரு கட்டுரை பாராட்டுகிறது. சரி. இயந்திரத்தில் நிமிடத்துக்கு 500 மில்லி டயாலிசிஸ் திரவம் ஓடும் என்றால், ஒரு நோயாளிக்கு நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர் சுத்த நீர் வேண்டும், வாரம் மூன்று முறை. தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. கருவி கழிவாக வெளியேற்றும் நீர் தனி. ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பும் சுண்ணாம்பும் கூடுதலாக இருந்தால் ஆர்.ஓ. கருவியின் வடிகட்டும் சவ்வு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். நர்ஸ் தங்க வீடு இல்லாவிட்டால் இயந்திரம் உறை போட்டபடியே கிடக்கும். (இயந்திரத்தில் நிறுவனத்தின் லோகோவை ஒட்டலாம், நர்ஸ் வீட்டுக் கழிவுத்தொட்டியில் ஒட்ட முடியாதே!) 2018 நவம்பரிலிருந்து தொலைதூர ஊர்களில் செய்யும் டயாலிசிஸுக்கு, அந்நாட்டு அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் ஒவ்வொரு முறைக்கும் இவ்வளவு என்று பணம் தருகிறது. சிகிச்சைக்கு அப்படிப் பணம் வருவதால், நன்கொடை தரும் நிறுவனங்கள் வீடு, ஆர்.ஓ. பராமரிப்பு, உதிரிபாகம் ஆகியவற்றுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டுக் கொடுக்கட்டும். அப்பகுதியில் டயாலிசிஸ் நடத்தும் பழங்குடியினரின் அமைப்பான பர்ப்பிள் ஹவுஸுக்கு முதல் பணமே 2000இல் தங்கள் ஓவியங்களை ஏலம் விட்டு அந்தப் பழங்குடி மக்களே திரட்டியதுதான், பத்து லட்சம் டாலருக்கு மேல்.