லினக்ஸுக்கு முன்பே ஜெனிக்ஸ் இருந்ததுங்க

பிசியில் யூனிக்ஸ் (பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யக்கூடிய இயங்குதளம்) என்பதே லினக்ஸ் வந்த பிறகுதான் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லைங்க. மைக்ரோசாஃப்டே, யூனிக்ஸை உருவாக்கிய ஏடி அண்ட் டியிடம் உரிமம் வாங்கி, 1980-இல் ஜெனிக்ஸ் என்ற தன் யூனிக்ஸை அறிவித்தது. 1983-இல் எஸ்சிஓ என்ற நிறுவனம் அதை இன்டெலின் 8086 சிப்பில் ஓட வைத்தது. லினக்ஸ் வந்தது 1991-இல்.

பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லில் கணக்குப் பிள்ளையாக இருந்தேன். ஜெனிக்ஸ் ஓடும் ஒரே ஒரு 386 கம்ப்யூட்டர், அதிலிருந்து சீரியல் வயர் இழுத்து ஆறு டெர்மினல் (திரையும் கீபோர்டும் மட்டும்). நான் சம்பளம் போட்டுக்கொண்டிருப்பேன். அதே நேரம் குடோனில் ஒருவர் பஞ்சு பேல் வரவு பதிவார். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே வேலை செய்யும் வெறும் டாஸில் இது நடக்குமா?

கரண்ட் போனால்தான் வினை. டிஸ்குக்குப் போகாத பதிவெல்லாம் காலி. திரும்ப வந்ததும் டிஸ்கைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகே என்ற புரோகிராம் ஓடி, ஒவ்வொரு பிழைக்கும் சரிசெய்யவா என்று கேட்கும். ஒரு சனிக்கிழமை, சம்பள நாள் பார்த்து யூபிஎஸ் பேட்டரி படுத்துவிட்டது. அது மீட்டுப் போடும் 'லாஸ்ட் பவுண்ட்' டைரக்டரியில் பெயர் போய் வெறும் எண்ணோடு கிடந்த கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். வெளியே ஆட்கள் வரிசையில். அப்புறம் என்ன, பேரேட்டைப் புரட்டிக் கையாலேயே கணக்குப் போட்டுக் கொடுத்தோம்.