சாண்டர்ஸ் ஆதரவாளர்களில் பெரும்பாலோர் ஹிலாரிக்குத்தான் போட்டார்கள்

2016 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கான ஜனநாயகக் கட்சி வேட்பாளர் போட்டியில் ஹிலாரி கிளின்டனிடம் தோற்றவர் பெர்னி சாண்டர்ஸ்; பிறகு ஹிலாரி, குடியரசுக் கட்சியின் டிரம்ப்பிடம் தோற்றார். "2016-இல் சாண்டர்ஸ் ஆட்களில் பாதிப் பேர் டிரம்ப்புக்குப் போட்டார்கள், இப்படி ஒரு துரோகம் அதற்கு முன் நடந்ததே இல்லை" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. தேர்தலுக்குப் பின் வந்த பெரிய கருத்தாய்வின்படி டிரம்ப் பக்கம் போனவர்கள் சுமார் 12 சதவீதம்தான். அவர்களில் பலர் தங்களை ஜனநாயகக் கட்சிக்காரர்களாகவே கருதாதவர்கள். சரி, மிச்சிகன் மாநிலத்தில் ஹிலாரி தோற்றது வெறும் 10,704 வாக்கில்; அங்கே அந்தச் சிறு பங்கும் வலித்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் 2008-ஐயும் பாருங்கள். ஒபாமாவிடம் உட்கட்சித் தேர்தலில் தோற்ற ஹிலாரி ஜூன் மாதமே அவருக்கு ஆதரவு தந்தார். அப்படியும் ஹிலாரியின் வாக்காளர்களில் ஏழில் ஒருவராவது குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கெய்னுக்குப் போட்டார். ஒபாமா ஜெயித்துவிட்டதால் அந்தக் கோபம் மறந்துபோனது. சாண்டர்ஸோ ஹிலாரிக்காக ஊர் ஊராகப் பிரசாரம் செய்தவர். தோல்விப் பழி முழுவதையும் அவர் பக்கம் தள்ளுவது அநியாயம்.