மோதவில்லை என்பது ஒரு பதிலா?

"மோதவில்லையே, பிறகு எதற்கு இந்த ஆர்ப்பாட்டம்?" சனிக்கிழமை இரண்டு பயிற்சி விமானங்கள் வானில் மோதப் பார்த்ததைப் பற்றி நான் எழுதியதற்குக் கீழே பலரும் இதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். என் மச்சானும் கேட்டிருக்கிறார். அந்த இரண்டு பயிற்சி விமானங்களில் ஒன்றை ஓட்டியது என் மகள் என்று தெரிந்தும் கேட்டிருக்கிறார்.

மோதவில்லை, சரி. ஏன் மோதவில்லை? தரையிறங்க வந்துகொண்டிருந்தவள் கீழே செம்பனை மரங்களின் மேல் தன் நிழலோடு இன்னொரு நிழலும் ஒட்டி வருவதைப் பார்த்திருக்கிறாள். உடனே வலப்பக்கம் விலகிவிட்டாள். வெயில் இருந்ததால் நிழல் விழுந்தது. மேகம் மூடியிருந்தால்?

அன்றிரவு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டுகளை வைத்துக் காட்டினாள். அவளுடைய செஸ்னா விமானத்துக்கு இறக்கை தலைக்கு மேல். மேலே இருப்பது தெரியாது. பின்னால் வந்த பைப்பர் விமானத்துக்கு இறக்கை கீழே. அடியில் இருப்பது தெரியாது. ஒருவர் மேல் ஒருவராக ஒரே ஓடுபாதைக்கு இறங்கினால் இருவரும் கண் விழித்திருந்தும் குருடர்கள்தான். மேல் தட்டைப் பிடித்திருந்த அவள் கை நடுங்கியது.

"வானம் எவ்வளவு பெரிது" என்கிறார்கள். விமானங்கள் வானம் முழுக்கப் பரவியா பறக்கின்றன? எல்லாம் ஓடுபாதையைத் தேடித்தான் வருகின்றன. இத்தகைய மோதல்களில் பெரும்பாலானவை நல்ல பகல் வெளிச்சத்தில், விமானத் தளத்துக்குப் பக்கத்தில்தான் நடக்கின்றன. 2024 ஏப்ரல் 23 அன்று லுமுட்டில் இரண்டு கடற்படை ஹெலிகாப்டர்கள் மோதிப் பத்துப் பேர் இறந்ததும் காலை வெளிச்சத்தில்தான். கடற்படை விழா ஒத்திகையில் நெருக்கமாகப் பறந்தவை வேறு, பயிற்சி விமானம் வேறு என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெளிச்சம் காப்பாற்றும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

"பஸ் ஓட்டியவருக்கு விமானத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்றும் ஒருவர் கேட்டார். முப்பது வருடம் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் பஸ் ஓட்டினேன். கண்ணாடியில் தெரியாத இடத்தில் மோட்டார் சைக்கிள் நிற்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். மோதும் பாதையில் வரும் விமானம் முன்கண்ணாடியில் நகரவே நகராதாம். ஒரே இடத்தில் புள்ளியாக நின்று, கடைசி நொடிகளில்தான் பெரிதாகும். பார்த்து, புரிந்து, திருப்பி, விமானம் விலக ஏறக்குறைய 12.5 விநாடி வேண்டும் என்று அமெரிக்க விமானத் துறை கணக்கிட்டிருக்கிறது. எதிரெதிரே தலா 100 நாட் (மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டர்) வேகத்தில் வரும் இரண்டு விமானங்கள் அந்த நேரத்தில் சுமார் 1.3 கிலோமீட்டர் நெருங்கிவிடும். பெரிய பயணிகள் விமானத்தில் மோதலை எச்சரிக்கும் கருவி கட்டாயம். என் மகள் ஓட்டியதில் அது இல்லை.

அவளிடம் என்ன சொன்னார்கள் தெரியுமா? "ஒன்றும் ஆகவில்லை, அறிக்கை எல்லாம் வேண்டாம், உன் பெயர்தான் கெடும்." இதுதான் எனக்குத் தாங்கவில்லை. சேமநிதிப் பணத்தை எடுத்துக் கட்டிப் படிக்க வைத்தேன், வாயை மூடிக்கொள்ளக் கற்பதற்கா? தோட்டத்தில் என் அப்பாவிடமும் இப்படித்தான் சொன்னார்கள். அவர் மூடிக்கொண்டார்.

மடிக்கணினியில் அறிக்கையைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறாள். நிழலைப் பற்றிய வரியை மூன்று முறை திருத்தினாள். இன்று இரவு அனுப்புகிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.