வலி போனது, படிக்கட்டு போகவில்லை

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு வலி குறையும், தூக்கம் வரும், நடை திரும்பும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். மூன்று வருடத்துக்கு முன் அம்மாவுக்குக் கோவையில் செய்தோம். ராத்திரி புரண்டு படுக்கும்போது வரும் முனகல் முதல் மாதத்திலேயே நின்றுவிட்டது.

ஆனால் நாங்கள் இருப்பது கோத்தகிரி பக்கம். ரோட்டிலிருந்து வீட்டுக்கு 38 படி, கைப்பிடி கிடையாது. டிஸ்சார்ஜ் சீட்டில் ‘சமதளத்தில் நடக்கவும்’ என்று இருந்தது. சமதளம் வேண்டுமென்றால் மேட்டுப்பாளையத்துக்குத்தான் இறங்க வேண்டும்! பிசியோதெரபி தம்பி சொல்லிக்கொடுத்ததுதான் கைகொடுத்தது: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். அம்மா இன்றும் அதை முணுமுணுத்துக்கொண்டேதான் இறங்குகிறார். படி ஓரம் இரும்புக் குழாய் அடித்தோம், வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தோம். அப்புறம் கார் சீட்டில் ஒரு தலையணை. முட்டியைவிட இடுப்பு தாழக்கூடாதாம்.

இடுப்பு வலியையும் அன்றாட நடமாட்டத்தையும் அளக்க ஆக்ஸ்போர்டு ஹிப் ஸ்கோர் என்று 12 கேள்வி வைத்திருக்கிறார்கள். காலுறை போட முடிகிறதா, கடைக்குப் போக முடிகிறதா, படி ஏற முடிகிறதா என்றெல்லாம் உண்டு. சரிவில் நின்று கொழுந்து பறிக்க முடிகிறதா என்று இல்லை. முப்பது வருடம் அதைத்தான் செய்தார். இப்போது வாசலில் நின்று மற்றவர்கள் பறிப்பதைப் பார்க்கிறார், குறையும் சொல்கிறார்.

மழைக்காலத்தில் ஊன்றுகோல் பாசிப்படியில் வழுக்குகிறது. அடியில் போடும் ரப்பர் சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது. மலையில் இருப்பவர்கள் வேறு ஏதாவது வழி வைத்திருந்தால் சொல்லுங்கள்.